பேட்ஜ் யாருக்குச் சாட்சி? மருத்துவமனை ஊழியரின் கதிர்வீச்சுப் பதிவும் இழப்பீட்டு உரிமையும்

மருத்துவமனை ஊழியர்களின் கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் உச்சவரம்பு எண்களோடு நின்றுவிடுகின்றன. தொடர்ச்சியான ஐந்தாண்டுகளின் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் ஓராண்டில் 50 வரை இடம் தருகிறது. அதை நோக்க நம் வரம்பு கண்டிப்பானதே. ஆனால், நோயுற்ற ஊழியர் இழப்பீடு கேட்டுப் போகும்போது வரம்பு அவருக்கு உதவுவதில்லை. எவ்வளவு கதிர் பட்டது என்பதற்கான சான்றுதான் உதவும். அந்தச் சான்றோ முதலாளியின் அலமாரியில் இருக்கிறது.

சான்று என்பது டிஎல்டி பேட்ஜ். டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூன்று அதற்குள் இருக்கும்: ஒன்று உலோக வடிகட்டியின் கீழ், ஒன்று பிளாஸ்டிக்கின் கீழ், மூன்றாவது திறந்த நிலையில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் சூடாக்கி, வெளிப்படும் ஒளியை அளந்து கதிர்வீச்சைக் கணக்கிடுகிறார்கள். பேட்ஜை மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். ஆகவே, ஏப்ரன் மறைக்காத கண்ணுக்கும் கைக்கும் என்ன நேர்ந்தது என்பதை அது சொல்லாது. கண்வில்லைக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20-ஆக (ஐந்தாண்டுச் சராசரியில்) குறைக்கும்படி பன்னாட்டு ஆணையம் 2011-இல் பரிந்துரைத்த பிறகு, எக்ஸ்ரே வழிகாட்டலில் இதயச் சிகிச்சை நடக்கும் கேத் லேப் ஊழியர்களைப் பொறுத்தவரை இது சின்னக் குறையல்ல.

இனிச் சட்டம். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மூன்றாம் அட்டவணையின் 'பி' பகுதியில் அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்களைச் சேர்த்தது. அத்தகைய பணியில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்தவருக்கு அந்நோய் வந்தால், மறுத்து நிறுவப்படாத வரையில் அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். தொழில்நோய்ப் பட்டியல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஊழியருக்குச் சாதகமான ஊகம்தான். ஆனால் 'மறுத்து நிறுவ' முதலாளிக்கு எளிதாகக் கிடைக்கும் ஆவணம் எது? குறைந்த அளவைக் காட்டும் அதே பேட்ஜ் அறிக்கை.

சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே கருவி ஓடும் அறுவை அரங்கில், பேட்ஜ் ரேடியோகிராபருக்கு மட்டும்தான் என்று எண்ணிப் பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கும் உதவியாளருக்கும் கொடுக்காமல் விட்டால், அவர்களுக்குப் பதிவே இல்லை. அளவு கூடினால் விசாரணை வரும், கேஸ் குறையும் என்று பேட்ஜைக் கழற்றி மேசை டிராயரில் போடுகிறவர்களும் உண்டு. இதில் மருத்துவர்களும் அடக்கம். டிராயரில் கிடந்த பேட்ஜ் மூன்று மாதம் கழித்துப் பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யம் பத்தாண்டு கழித்து, அதைக் கழற்றிப் போட்டவருக்கு எதிராகவே வாசிக்கப்படலாம்.

2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளில் இதற்கு ஒரு பிடி இருக்கிறது. ஊழியரின் கதிர்வீச்சுப் பதிவையும் உடல்நலக் கண்காணிப்பு அறிக்கையையும் ஆண்டுதோறும், அவர் கேட்கும்போதும், பணி முடியும்போதும் அவரிடம் தர வேண்டியது முதலாளியின் கடமை. புதிதாகச் சேர்பவரின் பழைய பதிவை முந்தைய முதலாளியிடமிருந்து பெறவும் வேண்டும். ஏஜென்சி வழியாக மருத்துவமனை மாறிக்கொண்டே இருக்கும் ஒப்பந்த ஊழியருக்கு இந்த இரண்டாவது கடமைதான் உயிர்.

கடமை மீறப்பட்டால் அதன் விளைவை யார் சுமப்பது? வைத்திருக்க வேண்டிய ஆவணத்தை வைத்திராத தரப்புக்கு எதிராக ஊகிக்க நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே இடமுண்டு. 1872-இன் சாட்சியச் சட்டத்தில் 114-ஆம் பிரிவாக இருந்த அது, 2023-இன் புதிய சட்டத்தில் 119 ஆகியிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் தொழிலாளியின் உடல்நலத்தை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்த உச்ச நீதிமன்றம் (1995), உடல்நலப் பதிவுகளைப் பல்லாண்டு பேணும்படியும் ஆணையிட்டது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், பதிவு இல்லாத காலத்தைப் பூஜ்யமாக அல்ல, முதலாளிக்குப் பாதகமான காலமாகவே எண்ண வேண்டும். வேலைப்பளு மிகுந்த கேத் லேபிலிருந்து தொடர்ந்து வரும் பூஜ்யத்துக்கும் அதே நிலைதான்.

பேட்ஜை அணியாதது ஊழியரின் தவறுதானே என்று கேட்கலாம். விதிகள் அவருக்கும் கடமை வைத்திருப்பது உண்மை. ஆனால், அரங்கில் யார் அணிந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் பொறுப்போடு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறார். பூஜ்ய அறிக்கை முதலில் வந்து சேர்வதும் அவர் மேசைக்குத்தான்.