அண்டார்க்டிக்காவில் நாய்களுடன் முகாமிடல்

அண்டார்க்டிக்காவில் நாய்களுடன் முகாமிடல் என்பது, 1899 முதல் 1994 வரை தென்முனைக் கண்டத்தில் பயணம் செய்த ஆய்வுக் குழுவினர், தமது சறுக்குவண்டிகளை இழுக்கும் நாய்க் கூட்டத்துடன் பனிவெளியில் தங்கிய முறையைக் குறிக்கும். இயந்திர ஊர்திகள் பரவலாவதற்கு முன்னர் இக்கண்டத்தின் நெடும்பயணங்கள் பலவற்றுக்கு நாய்களே துணையாக இருந்தன. பல நாய்களை ஓரிடத்தில் சண்டையின்றியும் நோயின்றியும் பட்டினியின்றியும் வைத்திருப்பது, பயணத்தின் வெற்றியை மட்டுமன்றி மனிதரின் உயிரையும் தீர்மானிப்பதாக இருந்தது.

நாய்களின் உடலமைப்பு

பெரும்பாலும் கிரீன்லாந்து, லாப்ரடோர், சைபீரியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த நாய்களும் அவற்றின் வழிவந்தவையும் பயன்படுத்தப்பட்டன. சப்பானியக் குழுவினர் சக்காலின் தீவு இனத்தைக் கொண்டு சென்றனர். இந்நாய்களின் மயிர் இரு அடுக்குகளைக் கொண்டது. உள்ளடுக்கு அடர்த்தியாகவும் மென்மையாகவும் இருந்து வெப்பத்தைக் காக்கும். நீண்ட வெளியடுக்கு காற்றையும் பனியையும் தடுக்கும். பாதங்களில் தமனிகளும் சிரைகளும் நெருங்கி அமைந்திருப்பதால், குளிர்ந்து திரும்பும் குருதி மீண்டும் சூடேற்றப்படுகிறது. எனவே இவை கூடாரமின்றியே உறங்கவல்லவை. உடலைச் சுருட்டி, மூக்கை வாலால் மூடிக்கொண்டு படுக்கும் நாயின்மீது படியும் பனியே அதற்குப் போர்வையாகிறது.

முகாம் அமைக்கும் முறை

பிற்காலப் பிரித்தானியக் குழுக்களில் ஒரு வண்டிக்குப் பொதுவாக ஏழு முதல் ஒன்பது நாய்கள் பூட்டப்பட்டன. முகாமிடும் இடத்தை அடைந்ததும் நீண்ட உலோகக் கம்பி ஒன்றைப் பனியில் நீட்டி, இரு முனைகளையும் இறுக நட்டுவைப்பர். அக்கம்பியிலிருந்து பிரியும் குறுஞ்சங்கிலிகளில் நாய்கள் தனித்தனியே கட்டப்படும். இவ்வமைப்பின் முதன்மையான விதி, எந்த நாயும் அடுத்த நாயை எட்டாதபடி இடைவெளி விடுவதாகும். நாய்க் கூட்டத்தில் தலைமைக்கான போட்டி கடுமையானது. ஒரு சண்டை தொடங்கினால் ஏனையவையும் அதில் சேர்ந்துகொள்ளும். தோற்ற நாய் கொல்லப்படுவதும் உண்டு.

கயிறுக்குப் பதிலாகக் கம்பியும் சங்கிலியும் பயன்படுத்தப்பட்டதற்குக் காரணம், நாய்கள் கயிற்றைக் கடித்து அறுத்துவிடுவதாகும். அவிழ்ந்த நாய் உணவுப் பொதிகளைக் குலைப்பதோடு, தோலாலான சேணங்களையும் சாட்டைகளையும்கூடத் தின்றுவிடும்.

கூடாரத்தின் பின்புறம் காற்றினால் பனி குவியும் என்பதால் நாய்களின் வரிசை அதற்கு அப்பால் அமைக்கப்பட்டது. பனிப்புயல் நாட்களில் ஒருவர் வெளியே சென்று, புதைந்த நாய்களைத் தோண்டியெடுத்துச் சங்கிலிகளைப் பனிமேல் உயர்த்திவிட வேண்டும். உடல் வெப்பத்தால் உருகிய பனி மீண்டும் உறையும்போது நாயின் மயிர் தரையோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

உணவு

நிலையங்களில் சீல் இறைச்சியே முதன்மை உணவாக இருந்தது. பயணங்களின்போது எடை குறைவான பெமிக்கன் (உலர் இறைச்சியும் கொழுப்பும் சேர்ந்த கட்டி) நாளொன்றுக்கு ஒரு நாய்க்கு ஏறத்தாழ அரைக் கிலோகிராம் வழங்கப்பட்டது. உணவில் நேரும் பிழை முழுக் கூட்டத்தையும் அழிக்கக்கூடியது. ராபர்ட் பால்கன் ஸ்காட், எர்னஸ்ட் ஷாக்கிள்டன், எட்வர்ட் வில்சன் ஆகியோர் 1902 நவம்பரில் 19 நாய்களுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். வெப்பமண்டலக் கடல்வழியே கொண்டுவரப்பட்ட உலர்மீன் கெட்டுப்போயிருந்ததால் நாய்கள் நலிவுற்றன. அவற்றுள் ஒன்றும் திரும்பவில்லை.

வரலாறு

அண்டார்க்டிக்காவில் நாய்களை முதன்முதலில் பயன்படுத்தியது கார்ஸ்டன் போர்ச்கிரெவிங்க் தலைமையிலான சதர்ன் கிராஸ் பயணமாகும் (1898–1900). 1899 பெப்ரவரியில் அடேர் முனையில் 75 நாய்கள் இறக்கப்பட்டன. அவற்றைக் காப்பதற்காகக் கரையில் தங்கிய சாமி இனத்தவரான பெர் சாவியோ, ஓலே முஸ்ட் ஆகிய இருவருமே அண்டார்க்டிக்கப் பெருநிலத்தில் முதன்முதலாக இரவைக் கழித்த மனிதராவர்.

ருவால் அமுன்சென் 1911 அக்டோபரில் நான்கு தோழர்களுடனும் 52 நாய்களுடனும் பிராம்ஹைம் தளத்திலிருந்து புறப்பட்டு, டிசம்பர் 14 அன்று தென்முனையை அடைந்தார். ஆக்சல் ஹைபர்க் பனியாற்றில் ஏறி மேட்டுநிலத்தை அடைந்ததும், முன்னரே திட்டமிட்டபடி 18 நாய்களை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கொன்று உணவாக்கினர். நோர்வேயினர் அம்முகாமை 'கசாப்புக் கடை' என அழைத்தனர். 1912 சனவரி 25 அன்று குழு தளத்திற்குத் திரும்பியபோது 11 நாய்களே எஞ்சியிருந்தன.

டக்ளஸ் மோசனின் பயணத்தில், 1912 டிசம்பர் 14 அன்று பெல்கிரேவ் நின்னிஸ் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். சிறந்த ஆறு நாய்களும், கூடாரமும், உணவின் பெரும்பகுதியும் அவருடன் மறைந்தன. எஞ்சிய நாய்களையே உண்டு மோசனும் செவியர் மெர்ட்சும் திரும்பினர். மெர்ட்ஸ் 1913 சனவரியில் வழியிலேயே இறந்தார். நாயின் ஈரலில் மிகுந்துள்ள உயிர்ச்சத்து ஏ நஞ்சானதே காரணம் என்னும் கருத்து 1969இல் முன்வைக்கப்பட்டது. இதை ஏற்காதோரும் உளர்.

ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் 1915இல் கடற்பனியில் சிக்கியபோது, நாய்களுக்குக் கப்பலைச் சுற்றிப் பனிக்கட்டிகளால் சிறு வீடுகள் கட்டப்பட்டன. சங்கிலியின் முனையைப் பனியில் புதைத்து, நீரூற்றி உறையவைத்து நாய்களைக் கட்டினர். குடற்புழு மருந்து கொண்டுவரப்படாமையால் பல நாய்கள் இறந்தன. கப்பல் நொறுங்கிய பின் 28 பேரும் மிதக்கும் பனிப்பாளத்தில் முகாமிட்டனர். உணவு குறைந்ததாலும் படகுகளில் இடமில்லாததாலும், 1916 ஏப்ரலில் படகேறுவதற்கு முன்னரே எல்லா நாய்களும் சுட்டுக் கொல்லப்பட்டன. மனிதர் 28 பேரும் உயிர்தப்பினர்.

சோவா நிலைய நிகழ்வு

1958 பெப்ரவரியில் சப்பானின் சோவா நிலையத்தில் குளிர்காலத்தைக் கழித்த 11 பேர் வெளியேற்றப்பட்டனர். மாற்றுக் குழு சில நாட்களில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் 15 நாய்கள் சங்கிலியிலேயே விடப்பட்டன. அவை தப்பியோடாமலும் ஒன்றையொன்று தாக்காமலும் இருக்கவே அவ்வாறு செய்யப்பட்டது. ஆனால் வானிலை மோசமானதால் மாற்றுக் குழுவால் நிலையத்தை அடைய இயலவில்லை. 1959 சனவரி 14 அன்று அடுத்த குழு வந்தபோது, தாரோ, ஜீரோ என்னும் உடன்பிறந்த இரு நாய்கள் உயிருடன் இருந்தன. ஏழு நாய்கள் சங்கிலியிலேயே இறந்து கிடந்தன. கழுத்துப் பட்டையிலிருந்து விடுபட்டுச் சென்ற ஆறு நாய்களைக் காணவில்லை. முகாமில் நாய்களைக் காத்த அதே சங்கிலி, மனிதர் இல்லாதபோது அவற்றின் இறப்புக்குக் காரணமானது. ஜீரோ 1960இல் சோவா நிலையத்திலேயே இறந்தது. தாரோ சப்பானுக்குக் கொண்டுவரப்பட்டு 1970 வரை வாழ்ந்தது. இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்ட சப்பானியத் திரைப்படம் 1983இல் வெளியானது.

தடை

அண்டார்க்டிக்க உடன்படிக்கையின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறை 1991இல் மத்ரித் நகரில் கையெழுத்தானது. அதன் இரண்டாம் பின்னிணைப்பு, கண்டத்தில் உள்ள நாய்கள் அனைத்தும் 1994 ஏப்ரல் 1ஆம் நாளுக்குள் அகற்றப்பட வேண்டும் என விதித்தது. நாய்களின் டிஸ்டெம்பர் நோய் சீல்களுக்குப் பரவக்கூடும் என்பது இதற்குக் கூறப்பட்ட முக்கிய காரணங்களுள் ஒன்று. ரொதேரா நிலையத்திலிருந்த இறுதிப் பிரித்தானிய நாய்கள் 1994 பெப்ரவரியில் வெளியேற்றப்பட்டு, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள இனுக்சுவாக் என்னும் இனுயிட் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இத்துடன் ஏறத்தாழ 95 ஆண்டுகள் நீடித்த இம்முறை முடிவுக்கு வந்தது.