மத்லப் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம்

வங்கதேசத்தின் சாந்த்பூர் மாவட்டத்தில், டாக்காவுக்குத் தென்கிழக்கே உள்ள ஆற்றங்கரைப் பகுதி மத்லப். அங்கு 1977 அக்டோபரில் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாடு மற்றும் தாய்சேய் நலச் சேவை இது. வளரும் நாடுகளின் கருத்தடைச் சேவைகளைப் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்னணி

டாக்காவின் காலரா ஆய்வுக்கூடம் 1963-இல் மத்லப்பில் மருத்துவ நிலையம் அமைத்தது. 1966 முதல் அப்பகுதி ஊர்களின் பிறப்பு, இறப்பு, திருமணம், இடப்பெயர்வு ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவு செய்தது. 1975-இல் கருத்தடை மாத்திரைகளும் ஆணுறைகளும் வீடு வீடாக வழங்கப்பட்டன. வழங்கியவர்களில் பெரும்பாலோர் எழுதப்படிக்கத் தெரியாத, வயதான கைம்பெண்கள். தொடக்கத்தில் பயன்பாடு கூடியது. பக்கவிளைவுகளைக் கவனிக்க ஆளில்லாததால் விரைவில் சரிந்தது.

செயல்முறை

இக்குறையை நீக்க, 1977-இல் புதிய திட்டம் 70 ஊர்களில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பீட்டுக்காக 79 ஊர்களில் வழக்கமான அரசுச் சேவையே தொடர்ந்தது. படித்த, மணமான, தாமே கருத்தடை முறையைப் பின்பற்றிய உள்ளூர்ப் பெண்கள் 80 பேர் பணியாளர்களாயினர். பர்தா வழக்கத்தால் வெளியே செல்ல இயலாத பெண்களை இரு வாரங்களுக்கு ஒருமுறை வீட்டிலேயே சந்தித்தனர். மாத்திரை, ஊசி, ஆணுறை, காப்பர்-டி, அறுவைச் சிகிச்சை என விரும்பிய முறையைப் பெண்களே தேர்ந்துகொள்ளலாம். ரத்தப்போக்கு போன்ற தொல்லைகள் வந்தால் திட்டத்தின் துணை மருத்துவ மையத்தில் சிகிச்சை கிடைத்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியைப் பலர் விரும்பினர்.

விளைவுகள்

சேவை பெற்ற ஊர்களில் கருத்தடைப் பயன்பாடு விரைவாக உயர்ந்தது. பிறப்பு விகிதம் ஒப்பீட்டு ஊர்களைவிடக் குறைந்தது. வறுமையும் கல்வியின்மையும் நீடித்தபோதும் இம்மாற்றம் நேர்ந்ததால், பொருளாதார வளர்ச்சிக்குப் பிறகே குடும்ப அளவு சுருங்கும் என்ற கருத்து கேள்விக்குள்ளானது. பின்னர் தடுப்பூசிகளும் சேர்க்கப்பட்டன. 1987-இல் பேறுகாலப் பணிக்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் அமர்த்தப்பட்டனர்.

வங்கதேச அரசும் நாடெங்கும் பெண் குடும்ப நலப் பணியாளர்களை நியமித்திருந்தது. மத்லப் அனுபவம் அவர்களின் பணியைச் சீரமைக்க உதவியது. நாட்டில் 1975-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6.3 ஆக இருந்த பிள்ளைப்பேறு, 2011-இல் 2.3 ஆயிற்று. பெண்கல்வி, வேலைவாய்ப்பு, குழந்தை இறப்புக் குறைவு ஆகியவற்றுக்கும் இக்குறைவில் பங்குண்டு.

விமர்சனங்கள்

வீடுதேடிச் செல்லும் முறைக்குச் செலவு அதிகம். அது பெண்களை வீட்டுக்குள்ளேயே நிறுத்தியது, கருத்தடைப் பொறுப்பையும் பெரிதும் அவர்கள் மீதே சுமத்தியது என்ற விமர்சனங்கள் எழுந்தன. 1990-களின் இறுதியில் அரசு, வீடுதேடிச் செல்வதற்கு மாற்றாக ஊர்ப்புறங்களில் சமுதாய மருத்துவ மையங்களைத் திறக்கத் தொடங்கியது.