அச்சும் உயவும்

திருக்குறள் வினைத்திட்ப அதிகாரத்துள் (667) வரும் அச்சாணியை வண்டியின் அச்சு என்றே கொள்வார் இக்காலத்துப் பலர். அது பொருந்தாது. உருள் கோத்த மரமே அச்சு என்றும், உருள் கழலாவாறு அதன் கடையிற் செருகப்படுவதே ஆணி என்றும் பரிமேலழகர் பிரித்துரைத்தனர். பாரம் தாங்குவது அச்சே, ஆணியன்று. இவ்வேறுபாட்டை மறந்தார்க்கு 475ஆம் குறளில் அச்சு முறியும் செய்தியும், பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்று 102ஆம் பாட்டில் உமணர் வண்டியின் கீழ்க் கட்டிச்செல்லும் சேம அச்சும் தெளிவுறா. மிகுபாரத்தால் முறிதலோடு உராய்ந்து தேய்தலும் சேம அச்சிற்குக் காரணமாதல் வேண்டும் என்பது எம் கருத்து.

சங்கரன்கோவில் முதலிய தென்பாண்டி ஊர்களில் மாட்டுவண்டியின் அச்சினை இருசு என்ப. வைக்கோற்கரியை ஆமணக்கெண்ணெயிற் குழைத்த மையே அதற்கு இடும் மசகு. மசகிட்ட பின்னரும் வண்டி முனகுமாயின் எண்ணெயைக் குறைகூறிப் பயனில்லை. இருசும் குடத்தின் உட்புறமும் பொருந்தும் முகத்தை நோக்குதல் வேண்டும். இறுகப் பொருந்தின் மசகு உட்புகாது. மிக நெகிழின் தங்காது. கரடாயின் எண்ணெய்ப் படலம் கிழியும்.

இவ்வுண்மையை ஆய்வுமுறையால் நிறுவியோர் ஆங்கிலப் பொறியாளர். 1883இல் பியூசாம்ப் டவர், சுழலும் அச்சின்மேற் பாரத்தோடு அமர்ந்த தாங்கியின் உச்சியில், எண்ணெய் விடுதற்கென ஒரு துளையிட்டார். விடவேண்டிய எண்ணெயோ, கீழிருந்த தொட்டியினின்றும் மேலேறி அத்துளைவழியே வெளிவந்தது! மரமுளை கொண்டு அடைத்தார், முளையும் தள்ளுண்டது. அழுத்தமானி பொருத்தியபோது சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டுக்கு மேற் காட்டிற்று. அச்சும் தாங்கியும் ஒன்றனையொன்று தொடாமல் எண்ணெயே பாரத்தைச் சுமந்தது என்பது இதனாற் பெறப்படும். இரு முகங்களுக்கும் இடைப்பட்ட வெளி ஆப்புப்போல் ஒடுங்குதலால், சுழற்சி எண்ணெயை அதனுள் ஈர்த்து அழுத்தம் விளைக்கின்றது என ஆசுபோர்ன் இரேனால்ட்சு 1886இல் கணித வழியால் விளக்கினார். ஆகவே, பாரம் அழுந்தும் இடத்தில் துளையோ பள்ளமோ அமைப்பின் படலம் கெடும். மாட்டுவண்டி மெல்லச் செல்வதாகலின் முழுப்படலம் அரிதினே அமையும். அதனாலன்றோ ஒட்டிநிற்கும் தடித்த மசகினை நம் முன்னோர் கொண்டனர்!

1927இல் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை சங்கரன்கோவில் வழியே அமைந்தது. வண்டியில் இருசு நிற்க உருள் சுழலும். இரயிற் பெட்டியிலோ உருளோடு அச்சும் சுழலப் பாரம் அதன்மேல் அமரும். அமைப்பு மாறினும் எண்ணெய் மாறாமல் இருந்த காலமும் உண்டு. இந்திய இரயில்களுக்கும் ஆமணக்கெண்ணெய் பயன்பட்டது.

இன்று பொறியியல் நூல்கள் இத்தொழிலை உயவு என்கின்றன. சங்கப் பாடல்களில் உயவு என்பது வருத்தத்தையே பெரிதும் குறிக்கும். வருத்தத்தின் பெயர் வருத்தம் தணிக்கும் நெய்க்கு ஆகிவந்ததோ, அன்றி இவை இருவேறு சொற்களோ என்பது தனியே ஆராய்தற்குரியது.