ஒரு வெல்டிங் ராடின் பயணம்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைப் பிரித்தால் ருட்டைல் கிடைக்கிறது. பட்டறைகளில் அதிகம் புழங்கும் 6013 ராடின் மேல்பூச்சில் முக்கியமான சரக்கு இந்தக் கனிமம்தான். அதைச் சிலிக்கேட் கரைசலில் குழைத்து, எஃகுக் கம்பியின் மேல் பூசி உலர்த்தினால் ராடு தயார்.

வெறுங்கம்பியால் பற்றவைத்த காலத்தில், உருகிய இரும்புக்குள் காற்று புகுந்து இணைப்பு நொறுங்கியது. 1904-இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்வீடன்காரர் ஆஸ்கர் ஷெல்பெர்க், கம்பிக்குப் பூச்சு கொடுத்து அந்தக் குறையைத் தீர்த்தார். பூச்சு எரிந்து வாயுவாகி உருகலைக் காக்கும். மிச்சம் ஸ்லாக்காக மேலே படியும்.

அப்படிப்பட்ட ராடு, ஆந்திரத்தின் பலமனேரில் பழைய சென்னை–பெங்களூரு சாலையோரப் பட்டறைக்கு வருகிறது. 3.15 மி.மீ. ராடை ஹோல்டரில் மாட்டி, 100 ஆம்பியர் வைத்து, தீக்குச்சியைப் போல உரசினால் ஆர்க் பிடிக்கும். அழுத்தினால் ராடு ஒட்டிக்கொள்ளும்; தூக்கினால் ஆர்க் அணைந்துவிடும். ராடு கரையக் கரையக் கையும் அதே வேகத்தில் இறங்க வேண்டும். சடசடப்பு சீராக இருக்கிறதா என்று காதும் கவனிக்க வேண்டும். வேலை சரியாக அமைந்தால், சுத்தியலால் லேசாகத் தட்டியதுமே ஸ்லாக் உரிந்து, கீழே நெருக்கமான வரிகள் தெரியும். ஐ.டி.ஐ.யில் ஓராண்டு படித்தவரும், பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவரும் இந்த வரிகளுக்காகத்தான் பழகுகிறார்கள்.

டிராக்டர் ட்ரெய்லரை நிமிர்த்தும் அதே கைப்பழக்கம் சிற்பத்தையும் நிறுத்தும். ஸ்பெயினில் பிறந்த ஹூலியோ கொன்சாலஸ், 1918-இல் பாரிஸ் அருகே ரெனோ தொழிற்சாலையில் கேஸ் வெல்டிங் கற்றார். பத்தாண்டு கழித்து பிக்காசோவின் இரும்புச் சிற்பங்களுக்குத் துணை நின்றது அந்தத் தொழிற்கல்விதான். 1966-இல் சென்னை அருகே உருவான சோழமண்டலக் கலைக்கிராமத்தில் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பங்கள் செய்தார். ஆந்திரத்தின் தெனாலியில் காட்டூரி வெங்கடேஸ்வர ராவ் குடும்பத்தார், வண்டிகளிலிருந்து கழித்த நட்டு, செயின், பல்சக்கரங்களை இணைத்து ஆளுயரத்தை மிஞ்சும் சிலைகளை எழுப்புகிறார்கள்.

தொழிலும் கலையும் ஒரே கையில் சேர்வது பலமனேருக்குப் புதிதல்ல. சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர் இது. பானை வனையும் கையே இங்கே பொம்மையும் வனைகிறது. அதில் தொழில் எது, கலை எது என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. இரும்பைப் பற்றவைக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மரியாதை வேண்டும். கேட்டும் கிரில்லும் வீட்டுக்குச் சோறு போடட்டும். பட்டறை மூலையில் கிடக்கும் கழிவு இரும்பில் மனதுக்குப் பிடித்த ஒன்றைச் செய்ய, வாரத்தில் ஒரு மாலையை முதலாளிகள் அவர்களுக்கு விட்டுக்கொடுக்கட்டும்.