பொறியியல் படிப்பில் 'தொழில்முனைவு மனப்பான்மை': எல்லாரையும் கம்பெனி தொடங்கச் சொல்கிறார்களா?

செங்கிலிருந்து டுரியான் துங்கல் பக்கம் போனால் யூடெம், அதாவது மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா. புக்கிட் பெருவாங் பக்கம் திரும்பினால் எம்எம்யூ. இரண்டும் வீட்டிலிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரம்தான். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என்று எந்த வழியில் வந்தாலும், பொறியியல் பாடப் பட்டியலைப் புரட்டினால் கால்குலஸ், சர்க்கிட், தெர்மோடைனமிக்ஸ் நடுவே குழுப்பணி, தொடர்பாடல், தொழில்முனைவு என்று சில பெயர்களைப் பார்ப்பீர்கள்.

"அதெல்லாம் சும்மா கிரெடிட் நிரப்பத்தான்" என்று சீனியர்கள் சொல்லுவாங்க. நம்பாதீங்க. உங்கள் பட்டத்தின் மதிப்பே அதில் ஒரு பங்கு தொங்குகிறது.

இதை யார் கட்டாயமாக்கினார்கள்?

மலேசியாவில் பொறியாளராகப் பதிவு பெற வேண்டுமானால் மலேசியப் பொறியாளர் வாரியத்திடம் போக வேண்டும். எந்தப் பட்டப்படிப்பு தகுதியானது என்று பார்ப்பது அந்த வாரியத்தின் கீழ் இயங்கும் பொறியியல் அங்கீகார மன்றம். 2009-இல் மலேசியா 'வாஷிங்டன் உடன்படிக்கை'யில் முழு உறுப்பினராகச் சேர்ந்தது. அங்கீகாரம் பெற்ற நம் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் தங்கள் பட்டத்துக்குச் சமமான கல்வியாக ஏற்கும் என்பது அதன் சாரம்.

அதற்கு ஒரு விலை உண்டு. பட்டதாரி இன்னின்ன திறன்களோடுதான் வெளியே வருகிறார் என்று பல்கலைக்கழகம் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். மன்றத்தின் 2024 தரநிலையில் இப்படி 11 விளைவுகள் உள்ளன. பல துறையினர் கலந்த குழுவில் வேலை செய்வது ஒன்று, தொடர்பாடல் இன்னொன்று, திட்ட மேலாண்மையும் நிதியும் மற்றொன்று. கணிதத்துக்கும் இவற்றுக்கும் ஒரே பட்டியலில்தான் இடம். அதனால்தான் 'ஐடிபி' எனப்படும் ஒருங்கிணைந்த வடிவமைப்புத் திட்டம் என்று ஒரு பெரிய குழு வேலையை உங்களிடம் கொடுக்கிறார்கள்.

சரி, இதில் தொழில்முனைவு எங்கே வந்தது?

மலேசிய உயர்கல்வி அமைச்சின் 2015–2025 கல்விப் பெருந்திட்டத்தின் முதல் இலக்கே, முழுமையான, தொழில்முனைவுத் தன்மை கொண்ட, சமநிலையான பட்டதாரிகள் என்பதுதான். ஆனால் பொறியியல் வகுப்பில் அந்தச் சொல்லுக்கு டெக்குன் கடன் எடுத்துக் கடை போடுவது என்று பொருள் இல்லை.

அமெரிக்காவில் கெர்ன் குடும்ப அறக்கட்டளை 2005-இல் 'கீன்' என்ற பொறியியல் கல்லூரிகளின் கூட்டமைப்பைத் தொடங்கியது. ஜெனரேட்டர் தயாரிக்கும் ஜெனராக் நிறுவனத்தை நிறுவியவரின் அறக்கட்டளை அது. தொழில்முனைவு மனப்பான்மையை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: ஆர்வத்தோடு கேள்வி கேட்பது, சம்பந்தமில்லாததுபோல் தெரியும் விஷயங்களை இணைத்துப் பார்ப்பது, யாரோ ஒருவருக்குப் பயன் உண்டாக்குவது. இதில் கம்பெனி என்ற சொல்லே இல்லை, கவனிச்சீங்களா? நீங்கள் பத்து பெரெண்டாமில் இன்ஃபினியன் தொழிற்சாலையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும் இந்த மூன்றும் வேண்டும்.

ஒரு செம்பனைக் குலையிலிருந்து பார்ப்போம்

இதைப் புரிந்துகொள்ள நம்ம தோட்டத்துக்கே போகலாம். செம்பனைக் குலையை வெட்டுவது லேசான வேலை இல்லை. நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்தபடி மட்டைக்குள் செருகி இழுக்க வேண்டும். விழும் குலை 10, 20 கிலோ இருக்கும். உங்கள் தாத்தாவோ மாமாவோ செய்திருக்கலாம். தோள்பட்டை வலியைப் பற்றி அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

மலேசிய செம்பனை வாரியம் இதற்காக ஒரு மோட்டார் வெட்டுக் கருவியை உருவாக்கியது. பெயர் 'சந்தாஸ்'. மலாயில் வெட்டிக் கழிப்பது என்று பொருள். ஒரு முனையில் சின்னப் பெட்ரோல் எஞ்சின், நடுவில் கம்பு, மறுமுனையில் வெட்டும் அலகு. மெக்கானிக்கல் மாணவர் இதைப் பார்த்தால் எஞ்சின், தண்டு, பற்சக்கரம் என்று வரைய ஆரம்பித்துவிடுவார். ஆனால் கேள்விகள் அதற்கு வெளியேதான் நிற்கின்றன.

நாள் முழுக்கத் தூக்குகிறவருக்கு எத்தனை கிலோ வரை தாங்கும்? எஞ்சினின் அதிர்வு கம்பு வழியாகக் கைக்கு வந்தால் விரல்கள் என்ன ஆகும்? அது உடலியக்கவியல் படித்தவரின் பாடம். எந்தக் குலை பழுத்தது? தரையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்துச் சொல்பவர் தொழிலாளி. காயாக வெட்டினால் எண்ணெய் குறையும் என்று சொல்பவர் வேளாண்காரர். வேகமாக வெட்டினால் மட்டும் போதுமா, பின்னாலேயே குலைகளைப் பொறுக்கிச் சாலைக்குக் கொண்டுவர ஆள் எத்தனை வேண்டும்? டன் கணக்கில் கூலி என்றால், எரிபொருளும் பழுதும் போக வெட்டுகிறவர் கையில் நிற்பது எவ்வளவு? இது கணக்குப் பிரிவு. மரம் உயர உயர நீளமான கம்பு வேண்டும், எடையும் கூடும். அதனால் சந்தாஸ் உயரம் குறைந்த மரங்களுக்கான கருவியாக இருக்கிறது, உயர்ந்த மரங்களில் பழைய கம்பும் அரிவாளும் தொடர்கின்றன.

'பயன் உண்டாக்குவது' என்பது இதுதான்: எஞ்சின் ஓடுகிறதா என்பதோடு நிற்காமல், மாலையில் அந்தத் தொழிலாளியின் கையும் கூலியும் எப்படி இருக்கின்றன என்று கேட்பது.

இதே கேள்வியை மாணவர்களும் ஆய்வாளர்களும் கேட்ட இடம் சென்னை ஐஐடி. அங்குள்ள மறுவாழ்வுக் கருவிகள் ஆய்வகத்தில் சக்கர நாற்காலியை ஆராய்ந்தபோது, வீட்டுக்குள் நகர்வதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. வேலைக்குப் போக வேண்டும், சாலையில் போக வேண்டும். பயனரின் உடலளவுக்கு ஏற்ப அமைக்கும் 'நியோஃபிளை'யும், அதோடு மாட்டிச் சாலையில் ஓட்டும் மோட்டார் இணைப்பான 'நியோபோல்ட்'டும் 2021-இல் வந்தன. தயாரிப்பது அங்கிருந்தே உருவான நியோமோஷன் நிறுவனம். இங்கே கம்பெனியும் வந்தது, ஆனால் கேள்விக்குப் பிறகுதான்.

'லோட் எவ்வளவு?'

பல துறையினர் ஒரு மேசையில் உட்கார்ந்ததும் முதலில் உடைவது சொற்கள்தான். 'லோட் எவ்வளவு?' என்று ஒருவர் கேட்கிறார். சிவில் மாணவருக்கு அது தூண் தாங்கும் பாரம். எலெக்ட்ரிக்கல்காரருக்கு மின்சாரத்தை இழுக்கும் கருவி. சாஃப்ட்வேர் மாணவிக்கு ஒரே நேரத்தில் செர்வரைத் தட்டுகிற பயனர்கள். மூவரும் தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் புரியவும் இல்லை. 'பிளான்ட்' என்றால் உங்களுக்குச் செடியோ தொழிற்சாலையோ; கட்டுப்பாட்டுப் பொறியியலில் அது கட்டுப்படுத்தப்படும் அமைப்பு.

இது சின்ன விஷயம் என்று நினைத்தால் 1999-ஐப் பாருங்கள். செவ்வாய்க்கு நாசா அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' கோளை நெருங்கியபோது தொலைந்துபோனது. ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்களைக் கொடுத்தது, வாங்கிய குழு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது.

எனவே உங்கள் குழுவின் முதல் வாரத்தில் லோகோ வரைவதை விட்டுவிட்டு ஒரு தாள் எழுதுங்கள். என் பகுதியிலிருந்து உன் பகுதிக்கு என்ன வருகிறது: எத்தனை வோல்ட், எத்தனை மில்லிமீட்டர், எந்த அலகு, எந்தத் தேதிக்குள். யூடெம் நடத்திவந்த ஃபார்முலா வர்சிட்டி போன்ற போட்டிகளில் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த சின்னப் பந்தயக் காரை ஓட்டியாக வேண்டும். சட்டம் ஒருவர், எஞ்சின் பொருத்துவது இன்னொருவர் என்றால், எஞ்சின் இடத்தில் உட்காராது என்பது போட்டிக்கு முந்தின ராத்திரி தெரிந்து பயனில்லை.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும்?

இங்கே நம்ம பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. ஆங்கிலம் தடுமாறுமோ என்று பயந்து குழுக் கூட்டத்தில் வாயே திறக்காமல், ராத்திரி உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டுக் கொடுக்கிறவர்கள் உண்டு. பிரசன்டேஷனை வேறொருவர் செய்வார். பல பாடங்களில் குழுவினரே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுவார்கள். உங்கள் உழைப்பு யார் கண்ணிலும் படாமலே போகும். கணக்கு போட்டவரே அதை விளக்கட்டும் என்று முதல் கூட்டத்திலேயே விதி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. தமிழ்ப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என்று ஒரே பின்னத்தை மூன்று மொழியில் கற்றவர் நீங்கள். செங் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை முதலாளியிடமும், சாலையோரம் நாசி லெமாக் விற்கும் மாக்சிக்கிடமும், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடமும் போய் அவர்கள் சிரமத்தைக் கேட்டு வர உங்கள் குழுவில் யாரால் முடியும்? பெரும்பாலும் உங்களால்தான். பயனரிடம் கேட்கும் பொறுப்பை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே இனத்து நண்பர்கள் ஐந்து பேர், ஒரே துறை, ஒரே அறை என்று குழு சேர்வது வசதிதான். அதில் கற்க ஒன்றும் இருக்காது. அதேபோல், யாரையும் நேரில் பார்க்காமல் அழகான போஸ்டர் ஒட்டி, 'மார்க்கெட் சைஸ்' என்று இணையத்தில் எடுத்த எண்ணைச் சொல்லிப் பரிசு வாங்கும் பிட்ச் போட்டிகளும் நடக்கின்றன. என் கணக்கில் அவை நாடக மேடைக்குப் பக்கத்து வீடு.

பல்கலைக்கழகத் திறந்த நாளுக்குப் போனால், சாவடியில் இலவசப் பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கடைசி ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள்: "அண்ணே, உங்க ஐடிபி குழுவுல வேற துறை ஆளுங்க எத்தனை பேர்? செமஸ்டர் முடியறதுக்குள்ள எத்தனை தடவை வெளிய போய் அதைப் பயன்படுத்தப் போறவங்களப் பார்த்தீங்க?"