முந்திக் கேட்டவர்களும் பிந்திப் பேசியவர்களும்

எங்கள் லயத்தில் கடதாசி விளையாட்டு என்றால் அது முந்நூற்றிநாலுதான். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு சாதியையும் கூட்டினால் 304. கணக்கு வராத பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு வரும்.

தாத்தா மட்டும் இன்னொரு விளையாட்டைப் பற்றியும் பேசுவார். பதுளைப் பக்கம் துரைமார் கிளப் ஒன்றின் சமையல்கட்டில் அவர் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அங்கே ஆடியது பிரிட்ஜ். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்று பார்த்தே படித்துக்கொண்டார். ஒருநாளும் ஆடியதில்லை. அந்த மேசையில் யார் உட்காரலாம், யார் நிற்கணும் என்பதை நான் சொல்லித்தான் தெரியணுமா?

பிரிட்ஜும் தோட்டத் துரைமாரும் ஒரே கப்பலில் வந்த மாதிரிதான். அதன் முந்தைய வடிவமான ஆக்‌ஷன் பிரிட்ஜ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் நாலாவது ஆள் கிடைக்காமல் உருவாக்கியது என்று ஒரு கதை உண்டு. இன்றைய கான்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளி முறையை ஹரோல்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கப் பணக்காரர் 1925இல் ஒரு கப்பல் பயணத்தில் வகுத்தார். அதற்கு ஒரு வருடம் முன்னால், 1924இல்தான் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்திருந்தது.

தாத்தாவுக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம் ‘ப்ரீஎம்ப்ட்’. ஆளுக்கு 13 கடதாசி. எத்தனை பிடி பிடிப்போம் என்று ஏலம்போல ஏறிக்கொண்டே கேட்க வேண்டும். கை நல்லா இருந்தால் கீழிருந்து மெதுவாக ஏறலாம். ஆனால் ஒருவனிடம் பெரிய கடதாசி எதுவும் இல்லை, ஒரே சாதியில் மட்டும் ஏழு இருக்கிறது என்று வையுங்கள். அவன் எடுத்த எடுப்பிலேயே ‘மூன்று ஹார்ட்ஸ்’ என்பான். ஒன்பது பிடி! அவனால் முடியாது என்பது அவனுக்கே தெரியும். ஆனால் எதிராளிகள் பேசிக்கொள்ள வேண்டிய இடத்தை அவன் அடைத்துவிட்டான். சில கணக்கில் இரண்டு பிடி குறைந்து, டபுளும் வாங்கி 300 புள்ளி தோற்றாலும், எதிராளி எடுத்திருக்கக்கூடிய 420ஐத் தடுத்தது லாபம்தான்.

இதற்கு என்ன பதில்? சொந்தமாக நீளமான சாதி இருந்தால் அதைக் கேட்கலாம். அவன் சாதியில் பிடி நிறுத்தும் கடதாசியும் பலமான கையும் இருந்தால் ‘மூன்று நோ டிரம்ப்’ சொல்லலாம். ரொம்ப உதவுவது டபுள். முதலில் டபுள் என்றால் எதிராளியைத் தண்டிப்பது மட்டும்தான். 1912, 13 வாக்கில் அமெரிக்காவில் அதற்கு இன்னொரு அர்த்தம் கொடுத்தார்கள்: ‘கூட்டாளி, என்னிடம் மற்ற மூன்று சாதியும் இருக்கிறது, நீ பேசு.’ இது வேலை செய்ய இரண்டு நிபந்தனை. கூட்டாளி வாயைத் திறக்க வேண்டும். அதோடு, பேசுவதென்றால் முதல் சுற்றிலேயே பேசிவிட வேண்டும். முதலில் பாஸ் சொல்லிவிட்டு அடுத்த சுற்றில், இன்னும் உயரத்தில் நுழைகிறவனுக்குத்தான் அடி அதிகம்.

இதைப் படித்தபோது எனக்கு 1948தான் ஞாபகம் வந்தது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸில் இருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். பதுளையில் எஸ்.எம். சுப்பையா, நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை... வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. இந்தப் பக்கம் வேவஸ்ஸ தோட்டத்தில் 1940இல் நடந்த வேலைநிறுத்தத்தையும் துரைமார் மறந்திருக்க மாட்டார்கள். டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 95இல் 42 இடம். பெரும்பான்மை இல்லை. பலவீனமான கை, ஒரே சாதி நீளம். என்ன செய்வார்கள்? உயரத்தில் கேட்டார்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் தகப்பனின் பிறப்புச் சான்றிதழை எங்கே தேடுவது? 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம். அதே வருடம் தேர்தல் சட்டத் திருத்தம்: பிரஜை இல்லாதவனுக்கு வாக்கு இல்லை. மூன்று கேள்வியில் மேசை முழுதும் அடைபட்டது.

கூட்டாளி என்ன செய்தார்? ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் முதல் சட்டத்தை எதிர்த்தது. அடுத்த மாதமே அவர் அமைச்சரானார். இரண்டாவது சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். நம்ம பக்கத்து டபுளுக்கு இதுதான் பதில். செல்வநாயகம் அதைப் பொறுக்காமல் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

நம்மவர்களும் தவறு செய்தார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. விண்ணப்பிக்க இரண்டு வருடம் அவகாசம். காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்தது. ‘நாங்கள் ஏன் வெளியாள் மாதிரி விண்ணப்பிக்க வேண்டும்?’ என்ற கேள்வி நியாயமானதுதான். இன்றைக்கும் அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பாஸ் நேரத்தைத் தின்றது. பிறகு மனசு மாறி, 1951 ஆகஸ்ட் காலக்கெடுவுக்குள் அவசர அவசரமாக சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. எங்கள் பூட்டனின் விண்ணப்பமும் தள்ளுபடியான குவியலில் ஒன்று.

1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்த வருடத் தேர்தலில் காங்கிரஸுக்கு ஒரு இடமும் இல்லை.

பிரிட்ஜோடு ஒப்பிடுவது இந்த இடத்தில் நொண்டும். அங்கே ஒரு கை தோற்றால் கடதாசியைக் கலைத்து அடுத்த கை போடுவார்கள். இங்கே நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். 1964 ஒப்பந்தத்தில் நம்மைப் பற்றி இரண்டு அரசுகள் பேசின: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். நம்மில் யாரையும் கேட்கவில்லை. தொண்டமான் நியமன உறுப்பினராக இருந்திருக்கிறார். ஆனால் வாக்கில் ஜெயித்துத் திரும்பிப் போனது 1977இல்தான், முப்பது வருடம் கழித்து.

தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. அந்தக் கடதாசி இப்போதும் பிஸ்கட் டின்னில், முந்நூற்றிநாலு கட்டுக்குக் கீழே கிடக்கிறது. அதை எடுத்து என்னிடம் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இதுக்கு யாருடா முதல்ல பாஸ் சொன்னது?”