ஒரே படுதா, பல அரண்மனைகள்

1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கம்பெனிப் படை தரைமட்டமாக்கியது. இன்று நாம் பார்க்கும் நினைவுக் கோட்டை 1974இல் கட்டப்பட்டது. இடைப்பட்ட காலம் முழுக்க அந்தக் கோட்டை நின்றது கதைப்பாடலிலும் கூத்திலும் நாடகத்திலும்தான். கல்லில்லாமல் அதை எப்படி எழுப்பினார்கள் என்பதில் எனக்கு ஆர்வம் உண்டு.

தெருக்கூத்துக்கு இருவர் பிடிக்கும் ஒரு திரை போதும். ஸ்பெஷல் நாடகத்துக்கு வரைந்த படுதாக்கள் உண்டு: தர்பார், தெரு, காடு. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள்தான் இந்த மேடையின் அடித்தளம். பாடமும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைக்கலாம், ஒத்திகையே தேவையில்லை. மேடையும் அப்படித்தான். 'கோவலன்' நாடகத்தில் பாண்டியனின் அவையாக நின்ற வாடகைப் படுதாவே இன்னொரு இரவில் கட்டபொம்மனின் அவையாகும். ஒரு நாடகத்துக்கென்றே செய்து பிறகு குப்பையில் போடவேண்டிய அரங்கப் பொருள் ஏறக்குறைய இல்லை.

பிரிட்டன் நாடகத் துறையினர் 2021இல் வெளியிட்ட 'தியேட்டர் கிரீன் புக்' கேட்பதும் இதைத்தான்: அரங்கப் பொருள் எங்கிருந்து வந்தது, நாடகம் முடிந்ததும் எங்கே போகும்? நம் மேடை இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது என்று பெருமைப்படலாம். ஆனால் அந்தச் சிக்கனத்தை யார் சுமந்தார்கள் என்றும் நாம் கேட்க வேண்டும்.

பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடத்தையும் சிறுவர்களே போட்டார்கள். ஸ்பெஷல் நாடகம் பெண்களுக்கு இடம் தந்தது. கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் அந்த மேடையில் புகழ்பெற்றார்கள். ஆனால் பட்டுப்புடவை, கல் நகை, சவுரி, அரிதாரம் எல்லாம் நடிகையின் சொந்தச் செலவு. படுதாவில் அரண்மனை வெறும் சாயம். அதை நம்பவைக்கும் மினுமினுப்பு அவள் பெட்டியிலிருந்து வருகிறது. படுதாவுக்குத் தனி வாடகை உண்டு. அவள் புடவைக்கு இல்லை. அந்தத் தேய்மானத்தையும் ஓர் இரவுச் சம்பளத்திலேயே அவள் ஈடுகட்ட வேண்டும். விடிந்ததும் படுதா பத்திரமாகக் கடைக்குத் திரும்புகிறது. அவள் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில், ஊரின் பார்வைக்கு நடுவே நிற்கிறாள்.

சூழலுக்கு இசைந்த அரங்கம் பற்றிப் பேசும் மாணவிகள் மரத்தையும் துணியையும் மட்டும் கணக்கெடுத்தால் போதாது. நடிகையின் உடைச் செலவு, உடை மாற்ற ஓர் அறை, ஒரு கழிப்பறை, இரவுப் பயணம் ஆகியவையும் அந்தக் கணக்கில் வரவேண்டும். அரங்கத்தில் மிச்சமான பணம் அவள் கைக்கு வந்ததா என்பதையும் கேளுங்கள்.